நியூஸ் கார்டு, வெட்டிய பேச்சு, வாயில் வந்த எண்: அரசியல் ஃபார்வர்டைச் சரிபார்ப்பது எப்படி?

தமிழ்நாட்டு அரசியலில் ஃபோனுக்கு வந்து சேரும் சரக்கு பெரும்பாலும் நான்கு உருவத்தில் வரும்: டிவி சேனல் பெயரில் ஒரு நியூஸ் கார்டு, அரை நிமிடத்துக்கு வெட்டிய பேச்சு, ட்வீட் ஸ்கிரீன்ஷாட், கணக்குப் போட்டுச் சொன்னது போலத் தோன்றும் ஓர் எண். இவற்றோடு யூடியூப் விமர்சகர்களின் பேட்டிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்கத் தனித்தனி வழி உண்டு. பாதிக்கு மேல் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், கம்ப்யூட்டர்கூட வேண்டாம்.

எதை முதலில் சோதிப்பது? உங்களுக்குப் பிடிக்காத கட்சியை வெளுத்து வாங்கும் கார்டைத்தான். நம் கட்சியைத் திட்டி வருவதை யாரும் சொல்லாமலே சந்தேகப்படுவோம். ஓட்டை கண்டுபிடிக்கும்வரை விடமாட்டோம். மனசுக்கு இதமாக வருவதுதான் படித்த வேகத்தில் அடுத்த குரூப்புக்குப் போய்விடுகிறது. போலி தயாரிப்பவர்கள் நம்பியிருப்பது அந்த வேகத்தை.

வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் செய்தியின் மேலே பாருங்கள். இரட்டை அம்புக்குறியோடு ‘பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது’ என்றிருந்தால் அது ஏற்கெனவே பல கை மாறி வந்தது. அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்த அடையாளம் இல்லாவிட்டால் நம்பலாம் என்று அர்த்தமில்லை. படத்தைச் சேமித்துப் புதிதாக அனுப்பினாலே அடையாளம் போய்விடும்.

நியூஸ் கார்டு

போலி கார்டை யாரும் வெற்றுப் பலகையிலிருந்து வரைவதில்லை. சேனல் உண்மையாகவே வெளியிட்ட ஒரு கார்டை எடுத்து, எழுத்து இருக்கும் இடத்தை மட்டும் பின்னணி நிறத்தால் பூசி மறைத்து, மேலே வேறு வாசகத்தை அடிக்கிறார்கள். லோகோ அசல், தலைவரின் படம் அசல், கீழே இருக்கும் சமூக வலைதளப் பட்டை அசல், பல நேரம் தேதியும் நேரமும்கூட அசல். அதனால் ‘லோகோ சரியாத்தானே இருக்கு’ என்பது எதையும் நிரூபிக்காது.

பார்க்க வேண்டியது எழுத்தை. அதே சேனலின் பக்கத்தைத் திறந்து அதே நாளில் வந்த வேறு மூன்று கார்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துரு ஒன்றா, வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒன்றா, பெயருக்கு ஒரு நிறம், கூற்றுக்கு ஒரு நிறம் என்று அவர்கள் வைத்திருக்கும் வழக்கம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கார்டை நன்றாகப் பெரிதாக்குங்கள். பின்னணி மேலிருந்து கீழாக நிறம் மங்கிக்கொண்டே போகும் கார்டில், எழுத்துக்குப் பின்னால் மட்டும் ஒரே நிறத்தில் சதுரத் திட்டு தெரிந்தால் அங்கேதான் பூசியிருக்கிறார்கள். படம் பத்து குரூப் தாண்டி மங்கலாக வந்திருந்தால் இந்தத் திட்டு தெரியாது. மங்கலாக்கிப் பரப்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எழுத்துப்பிழையை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். ஒற்றுப்பிழையும் ர, ற குழப்பமும் அசல் கார்டுகளிலேயே தாராளமாக உண்டு. அதைவிட நடையைக் கவனியுங்கள். சேனல் ஆசிரியர் குழு எழுதும் கார்டில் யார் சொன்னார், எந்த இடத்தில், எதைப் பற்றி என்பது எப்படியாவது வந்துவிடும். போலியில் எதிர்க்கட்சிக்காரர் தன் வாயாலேயே தன்னைக் கெடுத்துக்கொள்ளும் ஒரு முழு வாக்கியம் இருக்கும், சொன்ன இடமும் சூழலும் இருக்காது.

இதெல்லாம் சந்தேகத்துக்கு. உறுதிக்கு அசலைத் தேடிப் பிடிக்க வேண்டும். சேனலின் இணையதளத்துக்குப் போய், அங்கே உள்ள இணைப்பின் வழியாக அவர்களுடைய ஃபேஸ்புக், எக்ஸ், இன்ஸ்டாகிராம் பக்கங்களைத் திறங்கள். நேரடியாகப் பெயரைப் போட்டுத் தேடினால் அதே பெயரில் இருக்கும் ரசிகர் பக்கங்களும் போலிப் பக்கங்களும் முதலில் வந்து நிற்கும். எக்ஸில் அட்வான்ஸ்டு சர்ச் பகுதியில் கணக்கின் பெயரையும், கார்டில் உள்ள தேதிக்கு ஒரு நாள் முன்பும் ஒரு நாள் பின்பும் கொடுத்தால் அந்தத் தேதியை ஒட்டிய பதிவுகள் மட்டும் வரும். கிடைக்கவில்லையா, கார்டில் உள்ள தலைவரின் படத்தை மட்டும் வெட்டி, படத்தைக் கொடுத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போடுங்கள். எழுத்தோடு சேர்த்துப் போட்டால் அதே போலி கார்டின் பிரதிகள்தான் வரிசையாக வரும். அதே படம், அதே தேதி, அதே நேரம், வேறு வாசகம் என்று ஒரு கார்டு கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது. இரண்டையும் அருகருகே ஒட்டிச் சேமித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அசலும் கிடைக்கவில்லை என்றால், கார்டில் உள்ள கூற்றிலிருந்து நான்கைந்து சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள், காலத்தைக் கடந்த ஒரு வாரம் என்று சுருக்குங்கள். ஒரு தலைவர் உண்மையிலேயே அப்படிப் பேசியிருந்தால் எதிர்முகாம் அதை விட்டுவைக்குமா? அன்று மாலை விவாத நிகழ்ச்சி முழுக்க அதுதான் ஓடும், மறுநாள் தினத்தந்தி, தினமலர், தினமணி, இந்து தமிழ் திசை ஏதாவது ஒன்றில் இருக்கும். உலகத்திலேயே அந்த ஒரு கார்டில் மட்டும் இருக்கிறது என்றால் அனுப்பாதீர்கள்.

‘மிரட்டலுக்குப் பயந்து சேனல் டெலீட் பண்ணிட்டாங்க’ என்ற பதில் உடனே வரும். நீக்குவது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் பெரிய சேனலின் பதிவு பத்து நிமிடம் இருந்தாலே அதற்குக் கீழே கமெண்ட் போட்டவர்களும் மறுபதிவு செய்தவர்களும் இருப்பார்கள், அந்தத் தடம் தேடலில் மிஞ்சும். இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் ஒருமுறை பார்த்துவிடலாம். சேனலின் பெயர் ரொம்பக் கெட்டால் அவர்களே அந்தக் கார்டின் மேல் ‘போலி’ என்று முத்திரை குத்திப் பதிவிடுவார்கள்.

இன்னொரு வகை உண்டு, அதுதான் கூடுதல் ஆபத்து: கார்டு அசல், ஆண்டு பழசு. பால் விலை, மின் கட்டணம், பஸ் கட்டணம் பற்றிய பழைய கார்டுகளின் தேதிப் பகுதியை வெட்டிவிட்டு இன்றைய செய்தியாகச் சுற்ற விடுவார்கள். ஆட்சி மாறியிருந்தால் பழி ஆள் மாறி விழும். தேதி வெட்டப்பட்ட கார்டு எதுவாக இருந்தாலும் அசலைப் பார்க்காமல் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய பேச்சு

மேடைப் பேச்சை வெட்டித் திரிக்கத் தமிழ் வாக்கிய அமைப்பே வசதி செய்து கொடுக்கிறது. வினை கடைசியில்தான் வரும், மறுப்பும் கடைசியில்தான் வரும், ‘என்று சொல்கிறார்கள்’ என்பதும் கடைசியில்தான் வரும். உதாரணத்துக்கு ஒரு பேச்சாளர், “மகளிருக்கு இலவசப் பயணத்தை நிறுத்தணும், அது வெட்டிச் செலவு… அப்படின்னு அவங்க பேசுறாங்க. நாங்க கேக்குறோம், எது வெட்டிச் செலவு?” என்று பேசுவதாக வையுங்கள். ‘வெட்டிச் செலவு’ என்ற இடத்தில் கத்தரி வைத்தால், எதிராளியின் வாதம் பேச்சாளரின் கொள்கையாகிவிடும். குரலும் அவருடையதே, உதட்டசைவும் அவருடையதே. எந்தச் செயற்கை நுண்ணறிவும் வேண்டியதில்லை. எதிராளி போலப் பேசிக் காட்டுவது தமிழ் மேடையின் பழக்கம் என்பதால் இந்த வெட்டுக்கு இரையாகாத கட்சி இல்லை.

அதனால் வீடியோ எந்த நொடியில் முடிகிறது என்று பாருங்கள். வாய் இன்னும் திறந்திருக்கிறதா, கை பாதியில் நிற்கிறதா, கைதட்டல் எழும் முன்பே ஒலி அறுந்துவிடுகிறதா? பிறகு வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். தலை திடீரென ஓர் அங்குலம் நகர்ந்தாலோ, கையில் இருந்த காகிதம் அடுத்த நொடியில் மேசையில் இருந்தாலோ நடுவில் வெட்டு இருக்கிறது. பேச்சுக்கு அடியில் பின்னணி இசை போட்டிருந்தால் ஒலியின் ஒட்டு தெரியாமல் மறைப்பதற்காக இருக்கலாம். ரீல்ஸுக்காக நீளவாக்கில் வெட்டும்போது சேனல் லோகோவும் அடியில் ஓடும் ஸ்க்ரோலும் போய்விடும். தேதியைக் கண்டுபிடிக்க நமக்கு எளிதில் உதவக்கூடியவை அவை.

முழுப் பேச்சைக் கண்டுபிடிக்க, வீடியோவில் உள்ள பொருள்களைப் பயன்படுத்துங்கள். மேடைப் பின்பலகையில் ஊர்ப் பெயரோ கூட்டத்தின் பெயரோ பாதியாவது தெரியும். பேட்டி என்றால் எதிரே நீட்டப்பட்ட மைக்குகளில் சேனல் பெயர்கள் இருக்கும். அத்தனை சேனல்களிடமும் அந்தப் பேட்டி முழுதாக இருக்கும். சட்டை, துண்டு, சால்வையின் நிறத்தைக் குறித்துக்கொண்டு, தலைவர் பெயர், ஊர், ‘முழு உரை’ அல்லது ‘செய்தியாளர் சந்திப்பு’ என்று யூடியூபில் தேடுங்கள். கட்சிகளின் சொந்தச் சேனல்களிலேயே நேரலை முழுவதும் இருக்கும். கிடைத்ததும் வெட்டப்பட்ட இடத்துக்கு இரண்டு நிமிடம் முன்னும் இரண்டு நிமிடம் பின்னும் கேளுங்கள். பேட்டியென்றால் என்ன கேள்விக்கு அந்தப் பதில் என்பதுதான் முக்கியம். கேள்வியை வெட்டிவிட்டாலே பதிலின் பொருள் புரண்டுவிடும்.

பேச்சில்லாத கலவர வீடியோ, அடிதடி வீடியோ என்றால் வழி வேறு. இன்விட் வீவெரிஃபை என்ற பிரவுசர் நீட்சி, வீடியோவைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துத் தரும். அவற்றை கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ், டின்ஐ மூன்றிலும் தேடுங்கள். டின்ஐயில் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். ஃபோனில் மட்டும் செய்வதென்றால் வீடியோவை நிறுத்தி, கடைப் பலகை, வண்டி எண், போலீஸ் சீருடை தெரியும் நான்கைந்து இடங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று சுற்றிய வீடியோக்கள் இந்தச் சோதனையில்தான் உடைந்தன. சம்பந்தமே இல்லாத சம்பவங்களின் காட்சிகள் அவை. அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு வீடியோவில் வந்து மறுக்க வேண்டியிருந்தது, பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பியது. அதற்குள் பயந்துபோன தொழிலாளர்கள் பலர் ரயில் ஏறியிருந்தார்கள். ஒரு ஃபார்வர்டின் விலை என்னவென்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

குரல் மட்டும் வரும் ஆடியோ கிளிப்தான் சோதிக்க மிகக் கடினமானது. பின்னணி இல்லை, தேதி இல்லை, முகம் இல்லை. 2024 பிப்ரவரியில் அதிமுக ஜெயலலிதாவின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி வெளியிட்டது. அதற்கு முந்தைய மாதம் கருணாநிதியின் உருவம் அதேபோல் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் பேசியது. இரண்டும் செயற்கை என்று எல்லோருக்கும் தெரிந்தே வந்தவை. அதே கருவி சொல்லாமலும் பயன்படும். ஹெட்ஃபோனில் கேட்டு மூச்சு வாங்குகிறாரா, அறையின் எதிரொலி ஒரே சீராக இருக்கிறதா என்று கவனிக்கலாம். ஆனால் காதை மட்டும் நம்பி அசல், போலி என்று அடித்துச் சொல்லாதீர்கள். இரண்டு பக்கமும் தவறு நேரும்: போலியை அசல் என்போம், மாட்டிக்கொண்டவர் அசலையே ‘ஏஐ’ என்று தட்டிக்கழிக்கவும் இடம் கொடுப்போம். டீப்ஃபேக்ஸ் அனாலிசிஸ் யூனிட் என்ற அமைப்பு 2024 மார்ச் முதல் வாட்ஸ்அப்பில் இத்தகைய ஆடியோ, வீடியோக்களை வாங்கிப் பரிசோதிக்கிறது, தமிழிலும் அனுப்பலாம். பதில் வரும்வரை கிளிப் உங்கள் ஃபோனிலேயே இருக்கட்டும்.

ட்வீட் ஸ்கிரீன்ஷாட்டுக்கு அதிக நேரம் வேண்டாம். பிரவுசரில் வலது கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ போனால் யாருடைய பதிவிலும் எந்த வாசகத்தையும் அடித்து ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம், ஒரு நிமிட வேலை. ஆகவே படத்தை ஆராயாமல் கணக்குக்குப் போய்ப் பாருங்கள். பயனர் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஓர் அடிக்கோடு கூடுதலாக இருக்கும், அல்லது O என்ற எழுத்து பூஜ்யமாக மாறியிருக்கும். நீல டிக் காசு கொடுத்தால் கிடைப்பது, அது அடையாளச் சான்று அல்ல. அரசுப் பதவியில் இருப்பவர்கள் பலருக்குச் சாம்பல் நிற டிக் இருக்கும்.

எண்

கட்சிச் சண்டையில் எண் ரொம்பப் பயன்படும், ஏனென்றால் எண்ணை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ‘தமிழ்நாடு ஒரு ரூபாய் கொடுத்தால் 29 பைசாதான் திரும்ப வருகிறது’ என்பது திமுக தரப்பின் வாதம். ‘கொடுத்ததைவிட அதிகமாகவே திருப்பித் தந்திருக்கிறோம்’ என்பது பாஜக தரப்பின் பதில். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தெரிகிறது. உண்மையில் இரண்டும் வெவ்வேறு பின்னங்கள்.

மேலே இருக்கும் எண்ணில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். மத்திய அரசின் பகிர்வுக்குரிய வரிகளில் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும் என்றும், அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம் என்றும் 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு வகுத்தது. உத்தரப் பிரதேசத்துக்கு 17.939, பீகாருக்கு 10.058. இந்த வரிப்பங்கை மட்டும் எண்ணினால் தொகை சிறிதாகும். மானியங்கள், மத்தியத் திட்டங்களின் நிதி, ரயில்வே, நெடுஞ்சாலைச் செலவு என்று கூட்டிக்கொண்டே போனால் தொகை பெரிதாகும். வரிக்கு மேல் மத்திய அரசு கூடுதலாக விதிக்கும் செஸ், சர்சார்ஜ் வருமானம் பகிர்வுக்குரிய தொகுப்பிலேயே வராது என்பதை மாநிலங்கள் தொடர்ந்து எழுப்புகின்றன. அது நியாயமான கேள்வி, ஆனால் இந்தப் பின்னத்துக்குள் அது தெரியாது.

அடுத்து கீழே இருக்கும் எண். ‘தமிழ்நாடு கொடுத்த வரி’ என்றால் நேரடி வரி மட்டுமா, ஜிஎஸ்டியும் சேர்த்தா? சென்னையில் தலைமை அலுவலகம் உள்ள நிறுவனம் கட்டும் வரி, லாபம் பல மாநிலங்களில் ஈட்டியதாக இருந்தாலும் தமிழ்நாட்டுக் கணக்கில் ஏறும். மும்பையில் தலைமையகம் உள்ள வங்கி நம் ஊரில் சம்பாதித்ததற்கான வரி மகாராஷ்டிரத்தில் ஏறும். மூன்றாவது கேள்வி ஆண்டைப் பற்றியது: ஒரே ஆண்டின் கணக்கா, பல ஆண்டுகளைக் கூட்டியதா?

இந்த மூன்று கேள்விகள் எல்லா அரசியல் எண்ணுக்கும் பொருந்தும். பட்ஜெட் எண் என்றால் நான்காவதாக ஒன்று: மதிப்பீடா, திருத்திய மதிப்பீடா, இறுதிக் கணக்கா? ஒரு துறைக்கு இந்த ஆண்டின் மதிப்பீட்டையும் போன ஆட்சியின் இறுதிக் கணக்கையும் ஒப்பிட்டு ‘நாங்க ரெண்டு மடங்கு ஒதுக்கினோம்’ என்பது எல்லாக் கட்சியும் செய்யும் வேலை. ஒதுக்கியது வேறு, செலவானது வேறு. மாநிலக் கடனுக்கும் அப்படித்தான். எத்தனை லட்சம் கோடி என்பது ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தான் செய்யும். மாநில மொத்த உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்று கேட்டால்தான் ஒப்பீடு நிற்கும். மாநில பட்ஜெட் ஆவணங்கள் நிதித்துறை இணையதளத்தில் தமிழிலேயே இருக்கின்றன. எல்லா மாநிலங்களையும் ஒரே அளவுகோலில் பார்க்க, ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநில நிதிநிலை ஆய்வு நல்லது. வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரமென்றால் தேர்தல் ஆணையத் தளத்தில் உள்ள பிரமாணப் பத்திரத்தையே திறந்துவிடுங்கள், கார்டு எதற்கு?

டிரெண்டிங் எண்ணையும் இதில் சேருங்கள். கட்சி ஐடி விங்குகள் நேரம் குறித்து, வாசகம் எழுதிக் கொடுத்து ஹேஷ்டேக்கை ஏற்றுவது பகிரங்க நடைமுறை. அதே ஹேஷ்டேக்கில் ‘லேட்டஸ்ட்’ பிரிவைத் திறந்து ஒரு வாக்கியத்தை அப்படியே தேடிப் பாருங்கள். ஒரே எழுத்துப்பிழையோடு ஐம்பது பேர் போட்டிருந்தால் அது மக்கள் மனநிலை அல்ல.

பேட்டிகளும் விமர்சகர்களும்

‘மூத்த பத்திரிகையாளர்’, ‘அரசியல் விமர்சகர்’ என்ற பட்டை யாருக்கும் போடலாம். ஒரு பேட்டியைக் கேட்கும்போது அவர் சொல்வதை மூன்றாகப் பிரியுங்கள்: ஆவணத்தையோ நிகழ்வையோ நேரில் பார்த்துச் சொல்வது, ‘எனக்குக் கிடைத்த தகவல்படி’ என்று ஆரம்பிப்பது, ‘என்ன நடக்கும்னா’ என்று ஆரம்பிப்பது. நாற்பது நிமிடப் பேட்டியில் முதல் வகை மூன்று நிமிடம் தேறினால் அதிகம். இரண்டாவதை மூன்றாவதோடு கலந்து பேசுவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. தலைப்பு அதிலிருந்துதான் எடுக்கப்படும். ஒருவரை நம்பலாமா என்று தெரிய வேண்டுமானால் அவருடைய சேனலில் கடந்த தேர்தலுக்கு ஒரு மாதம் முந்தைய வீடியோக்களைத் திறந்து, சொன்னது நடந்ததா, நடக்காதபோது அதைப் பற்றிப் பேசினாரா என்று பாருங்கள்.

சேனலின் பின்புலமும் தெரிந்திருக்க வேண்டும். முரசொலி திமுகவின் நாளேடு, நமது அம்மா அதிமுகவின் நாளேடு, தீக்கதிர் மார்க்சிஸ்ட் கட்சியின் நாளேடு. கட்சிப் பத்திரிகை என்பதாலேயே அதில் வருவது பொய்யாகிவிடாது. தலைவர் என்ன அறிவித்தார் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது, எதிராளி என்ன சொன்னார் என்பதற்கு மட்டும் அதை நம்பக் கூடாது. அரசின் சரிபார்ப்பு அமைப்புகளையும் இப்படித்தான் வைக்க வேண்டும். மத்திய அரசுக்கு பிஐபி ஃபேக்ட் செக் இருக்கிறது, தமிழ்நாடு அரசுக்குத் தகவல் சரிபார்ப்பகம் இருக்கிறது. ‘இப்படி ஓர் அரசாணை வந்ததா’ என்ற கேள்விக்கு இவை போதும். அரசைப் பற்றிய குற்றச்சாட்டு சரியா என்பதில் அரசே நடுவராக முடியாது. அதற்கு யூடர்ன் போன்ற, செய்திகளைச் சரிபார்க்கும் தனி அமைப்புகளின் கட்டுரையைத் தேடி, முடிவைப் படிக்காமல் அவர்கள் காட்டும் ஆதார இணைப்பைத் திறந்து பாருங்கள்.

போலி என்று தெரிந்த பிறகு

நீங்களே அனுப்பிவிட்டிருந்தால் வாட்ஸ்அப்பில் ஏறக்குறைய இரண்டரை நாள்வரை எல்லோருக்குமாக நீக்கலாம். நீக்கியதோடு விடாமல் அதே குரூப்பில் ஒரு வரி எழுதுங்கள், ஏனென்றால் பார்த்தவர்கள் ஏற்கெனவே வேறு இடத்துக்கு அனுப்பியிருப்பார்கள். போலி கார்டை மறுக்கும்போது அதை அப்படியே திரும்பப் போடக் கூடாது. குறுக்கே பட்டையாகச் சிவப்புக் கோடு இழுத்து, எழுத்தின் மேலேயே ‘போலி’ என்று எழுதிப் போடுங்கள். ஓரத்தில் எழுதினால் அடுத்தவர் அதை வெட்டிவிட்டுப் பழையபடி சுற்ற விடுவார்.

குடும்பக் குரூப்பில் பெரியவர் ஒருவர் போட்டிருந்தால் எல்லோர் முன்னாலும் திருத்தாதீர்கள். சரியோ தவறோ, அவர் தன் மரியாதைக்காகவே அந்தக் கார்டைக் காப்பாற்ற ஆரம்பித்துவிடுவார். தனியாக அனுப்புங்கள்: “சித்தப்பா, காலைல நீங்க போட்ட கார்டோட அசல் கிடைச்சுது, ரெண்டையும் சேர்த்து அனுப்பியிருக்கேன், பாருங்க. போட்டோவும் நேரமும் ஒண்ணுதான், எழுத்தை மட்டும் மாத்தியிருக்காங்க. குரூப்ல நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லாருக்கும்.” ‘ஃபேக் நியூஸ் பரப்பாதீங்க’ என்று மட்டும் எழுதினால் அவர் அடுத்த கார்டை உங்களுக்குத் தெரியாத குரூப்பில் போடுவார். அருகருகே ஒட்டிச் சேமித்து வைக்கச் சொன்ன படம் இங்கேதான் வேலை செய்யும்.

சாதி, மதக் கலவரத்தைத் தூண்டும் வகையானது என்றால் திருத்தத்தோடு நிறுத்தாமல் சைபர் கிரைம் தளத்தில் புகார் கொடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 353 பிரிவுகளின் கீழ் அது குற்றம், உருவாக்கியவருக்கு மட்டுமல்ல, பரப்பியவருக்கும். புகாருக்கு முன் ஸ்கிரீன்ஷாட்டோடு பதிவின் இணைப்பு, கணக்கின் பயனர் பெயர், தேதி, நேரம் நான்கையும் எழுதி வையுங்கள். பதிவு நீக்கப்பட்டாலும் கணக்கைத் தேட அவை உதவும். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் வரும் பிரசாரப் பதிவுகளையும், ‘உளவுத்துறை ரிப்போர்ட்’ என்ற பெயரில் வரும் தொகுதிக் கணிப்புகளையும் பார்த்ததுமே ஒதுக்கிவிடலாம். அந்த நேரத்தில் பிரசாரத்துக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-வது பிரிவு தடை விதிக்கிறது. மறுத்துச் சொல்ல நேரமில்லாத நேரம் பார்த்தே போலிகளை இறக்குகிறார்கள் என்பதால், அந்த இரண்டு நாள் மட்டும் குரூப்பில் அட்மின் மட்டுமே பதிவிடலாம் என்று அமைப்பை மாற்றி வைத்துவிடுங்கள்.